தட்டோடு போன மகாராணி

வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் சாயங்கால பஸ்ஸில் அடிவாரத்துக்கு இறங்கிப் போனதும் ராசாத்தி நெஞ்சில் கை வைத்து "அப்பாடா" என்றாள். அந்த அப்பாடா ஒரு ராத்திரிதான் தாங்கியது.

சனிக்கிழமை காலை. பந்திக்கு வாங்கிய அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். சாமி ரூமுக்குள்ளிருந்து கோவிந்தராஜ் போட்ட சத்தத்தில் கை நழுவி அண்டா உருண்டது.

"ராசாத்தீ! ராணியக் காணோம்!"

இந்த வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோவிந்தராஜுக்கு ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற முக்கில் கம்பளிக் கடை. ஸ்வெட்டர், மப்ளர், குடை. கடை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் மெடல். கடை நேரத்திலும் மெடல்தான், அது வேறு விஷயம். "பழைய காசு சேர்க்கிறீங்களாமே" என்று தெரியாத்தனமாக யாராவது கேட்டுவிட்டால் போச்சு. "காசு வேறங்க, மெடல் வேறங்க. காசு செலவு பண்ண அடிக்கறது. மெடல் ஞாபகத்துக்கு அடிக்கறது" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்துவிடுவார். தேன்நிலவுக்கு வந்த ஜோடிகள் எத்தனையோ பேர் ஸ்வெட்டர் வாங்க வந்து, ராஜா முடிசூட்டிக்கொண்ட கதையைக் கேட்டுவிட்டு, வெறுங்கையோடு நடுங்கிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

எந்த ராஜா பட்டம் கட்டிக்கொண்டால் என்ன, எந்த ஊரில் பாலம் திறந்தால் என்ன, அதற்கு அடித்த மெடல் சுற்றிச் சுற்றிக் கடைசியில் தன் தலையில்தான் வந்து விழும் என்பது ராசாத்தியின் இருபத்திரண்டு வருஷத்து அனுபவம். அவளுடைய நல்ல வாயில் துணிப் புடவை ஒன்று துண்டு துண்டாகி மெடல்களுக்குப் போர்வையாகிவிட்டது. "மெதுவா இருக்குது, கீறல் விழுகாது" என்றார் அந்த மனுஷன். கட்டியிருந்தவளுக்கும் அது மெதுவாகத்தான் இருந்தது!

"எந்த ராணி?" என்று ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"டீச்சர் ராணி! செல்வமேரி டீச்சரோட ராணி!"

வெள்ளைக்கார ராணியின் வைர விழாவுக்கென்று அந்தக் காலத்தில் மலைமேல் இருந்த காப்பித் தோட்டக்காரர்கள் சேர்ந்து அடித்த வெள்ளி மெடல் அது. ஒரு பக்கம் முக்காடு போட்ட ராணி, மறுபக்கம் பழத்தோடு ஒரு காப்பிக் கொத்து. விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான் அடித்தார்களாம். தோட்டத்தில் பட்லராக இருந்த தாத்தா மூலமாக அது செல்வமேரி டீச்சருக்கு வந்தது. கோடை விழாக் கண்காட்சியில் வைக்க, ஒரு மாதமாகத் தவம் கிடந்து கேட்டு வாங்கி வந்திருந்தார் கோவிந்தராஜ். டீச்சர் மகனோடு இருக்க பெங்களூர் போகிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதாவது நாளைக்கு.

"பிஸ்கட் டப்பாவுல வெச்சிருந்தேன். ராணியக் காணோம். பதிலா உங்கம்மா குடுத்த வெள்ளி ரூபா உள்ளயே கெடக்குது."

ராசாத்தி, நிச்சயத்துக்கு வந்து இன்னும் ஊருக்குத் திரும்பாத நாத்தனார் அம்மணி பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

"நங்கை, நேத்து தட்டு அடுக்கயில டப்பாவுல இருந்து வெள்ளி ரூபா எடுத்து வைக்கச் சொன்னேனே..."

"எடுத்து வெச்சனே கண்ணு. நல்லா கனமா, வட்டமா, வெத்தலைக்கு அடியில வெச்சு மஞ்சள் குங்குமம் வெச்சேன். நம்ம கூட்டத்துல வெள்ளிக்காசு இல்லாம தட்டு மாத்தமாட்டமல்ல?"

"ஒரு பக்கம் காப்பிக் கொத்து இருந்துதா?"

"கொத்து இருந்துது. நெல்லுக்கதிர்னு நெனச்சேன். நல்ல சகுனம்னு அதயே எடுத்தேன்." அம்மணி தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஏண்டா, ஊட்டுல சாமி கும்புடற எடத்துல கண்ட கண்டதைக் கொண்டாந்து வெச்சா யாருக்குத் தெரியும் எது காசு, எது மெடல்னு?"

ராசாத்தி இருபத்திரண்டு வருஷமாகக் கேட்க நினைத்த கேள்வி. நாத்தனார் கேட்டுவிட்டாள். அதை அனுபவிக்கக்கூட நேரமில்லை.

கோவிந்தராஜ் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க?"

"அடிவாரத்துக்கு. போய்க் கேட்டு வாங்கியாறேன். இதுல என்ன இருக்குது?"

"என்ன இருக்குதா? ஏனுங்க, உங்களுக்கு அறிவு இருக்குதா இல்லையா? தட்டு மாத்தினப்புறம் தட்டுல இருந்ததைத் திருப்பிக் கேட்டா என்ன அர்த்தம்? சம்பந்தம் வேண்டாம்னு அர்த்தம்! உங்க மகளைக் குடுக்கமாட்டேன்னு அர்த்தம்!"

"மகளை யாரு கேட்டா? மெடலைத்தானே..."

"பேசாதீங்க!"

உள்ளே இருந்து மகள் வசந்தாமணி எட்டிப் பார்த்தாள். தலையில் நேற்று வைத்த பூ வாடியும் எடுக்காமல் இருந்தாள். ஏற்கெனவே இரண்டு வரன் வந்து தட்டிப் போயிருந்தது. பிள்ளை எதையும் முகத்தில் காட்டியதில்லை. இந்த சேகரைப் பார்த்துவிட்டு வந்தபிறகுதான் அடுப்படியில் பாட்டு முனகுகிறாள்.

"அம்மா, ஒண்ணும் கெட்டுப் போயிடாதல்ல?"

"ஒண்ணும் ஆகாது சாமி. நீ போய் அக்கட்ட வேலையப் பாரு" என்றாள் ராசாத்தி. சொன்னவளுக்கே நம்பிக்கை இல்லை.

ஒரு வழி தோன்றியது. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த சந்தனக் கிண்ணம் இங்கேயே தங்கிவிட்டிருந்தது. அதைக் கொடுக்கப் போகிற சாக்கில் போகலாம். சம்பந்தியம்மா கிருஷ்ணம்மாளைத் தனியாகப் பிடித்து, பெண்ணுக்குப் பெண்ணாகச் சொல்லி, உண்மையான வெள்ளி ரூபாயை வைத்துவிட்டு மெடலை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். ஆம்பிளைகள் காதுக்கே போக வேண்டாம்.

"நானும் வாறேன்" என்றார் கோவிந்தராஜ்.

"நீங்க எதுக்கு?"

"நீ அதை விரல் பட எடுப்ப. ஓரத்துலதான் புடிக்கோணும்."

ராசாத்தி கண்ணை மூடித் திறந்தாள். "வாங்க. ஆனா ஒண்ணு. அங்க வந்து வாயத் தொறந்தீங்கன்னா அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

"நான் எதுக்குப் பேசறேன்?"

பஸ்ஸில் ஏறி முதல் வளைவு திரும்புவதற்குள், பக்கத்து சீட்டில் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த வாழவந்தி ஊர்க்காரரிடம், ராணிக்கு மெடல் அடித்த தோட்டக்காரர்களின் கதையை ஆரம்பித்துவிட்டார். மழைத் தூறல். ஜன்னல் மறைப்பு கிழிந்து ராசாத்தியின் தோள் முழுக்க நனைந்தது. கோழிக்காரர் தூங்கிப் போனார். கோவிந்தராஜ் நிறுத்தவில்லை.

அடிவாரத்தில் சேகரின் ஒர்க் ஷாப்புக்குப் பின்னாலேயே வீடு. மலை இறங்கி வந்த பிரேக் சூட்டில் ஒரு லாரி புகைந்துகொண்டு நிற்க, அதன் அடியில் படுத்திருந்த மாப்பிள்ளை, இவர்களைப் பார்த்ததும் பதறி வெளியே வந்தான். கையெல்லாம் கிரீஸ்.

"வாங்க மாமா, வாங்க அத்தை! சொல்லியனுப்பியிருந்தா பஸ் ஸ்டாப்புக்கு வந்திருப்பனுங்களே."

நல்ல பையன். இந்தப் பையனை ஒரு வெள்ளைக்காரக் கிழவிக்காக இழக்க வேண்டுமா என்று நினைத்துக்கொண்டாள் ராசாத்தி.

கூடத்தில் சேகரின் சித்தப்பா சின்னசாமி உட்கார்ந்திருந்தார். சேகருக்கு அப்பா இல்லை. அவன் ஆறாவது படிக்கும்போதே போய்விட்டார். அதிலிருந்து நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் சின்னசாமிதான் முன்னால் நிற்பவர். மீசையும் அதற்குத் தகுந்தாற்போல வளர்த்திருந்தார். நேற்றும் தட்டு மாற்றியது அவரும் அவர் மனைவியும்தான். பெற்ற தாய் கிருஷ்ணம்மாள் பெண் வீட்டுச் சமையலறை நிலைப்படியைத் தாண்டி வரவில்லை. ராசாத்தி இரண்டு தரம் கூப்பிட்டும், "இருக்கட்டுங்க, நான் இங்கிருந்தே பாத்துக்கறேன்" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள்.

இன்றும் அடுப்படியில்தான் இருந்தாள். ராசாத்தி நேராக அங்கே போனாள்.

"சந்தனக் கிண்ணம் உட்டுட்டு வந்துட்டீங்க."

"இதுக்கா இந்த மழையில வந்தீங்க? சேகரு வந்து வாங்கியிருப்பானே. உக்காருங்க, காப்பி வெக்கறேன்."

"காப்பி இருக்கட்டும் சம்மந்தி. உங்ககிட்ட தனியா ஒண்ணு பேசோணும்." ராசாத்தி இடுப்பில் செருகியிருந்த வெள்ளி ரூபாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "நேத்து தட்டுல ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. பெரிசா ஒண்ணுமில்ல..."

கிருஷ்ணம்மாள் காதைக் கொடுத்து அருகில் வந்தாள். இன்னும் நாலு வார்த்தை. நாலே நாலு வார்த்தையில் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும்.

கூடத்திலிருந்து சின்னசாமியின் குரல் கேட்டது. "என்னங்க சம்மந்தி, வந்ததுல இருந்து சாமி மாடத்தையே பாத்துட்டு இருக்கறீங்க? ஓ, தட்டா? இன்னும் பிரிக்கலீங்க. ஆனா உங்க காசைப் பாத்தேன். என்ன லட்சணமான காசுங்க! எங்க வீட்ல சொன்னா, மகாலட்சுமி காசு மாதிரி இருக்குதுன்னு."

ராசாத்தி மூச்சைப் பிடித்தாள். பேசாதே. பேசாதே மனுஷா.

"அட, இப்படி விரலை வெச்சுத் தேய்க்காதீங்க! ஓரத்துல புடிங்க! ஐயோ, மூக்கு மேல குங்குமம் அப்பியிருக்குதே!"

போச்சு.

"மகாலட்சுமிக்குக் குங்குமம் வெச்சா என்னங்க தப்பு?"

"மகாலட்சுமி எங்கிருந்து வந்தாங்க? அது விக்டோரியா மகாராணிங்க. நொம்ப அபூர்வமான மெடலுங்க. நல்லா பாருங்க, தலையில முக்காடு இருக்குதல்ல? ஏன் இருக்குதுன்னா, அவங்க வூட்டுக்காரரு எறந்துட்டாரு. அன்னைல இருந்து கறுப்புத் துணிதான். சாகற வரைக்கும் கறுப்பு மாத்தலயே!"

தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாத வியாதி ஒன்று உண்டு. அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து கிடையாது. ராசாத்தி ஓடி வருவதற்குள் கோவிந்தராஜ் உற்சாகமாகச் சொல்லி முடித்துவிட்டு, கேட்டவர் முகம் ஏன் இப்படி ஆகிவிட்டது என்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னசாமி எழுந்தார். மெடல் அவர் உள்ளங்கையில் இருந்தது.

"தாலி கட்டறதுக்கு முந்தியே, தாலியறுத்தவ மொகத்தைத் தட்டுல வெச்சுக் குடுத்திருக்கறீங்க."

"ஏனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்று ராசாத்தி குறுக்கே போனாள். "எங்க நங்கை தெரியாம வெச்சுட்டாங்க. வெள்ளி ரூபா கொண்டாந்திருக்கறேன். மாத்தி வெச்சிடலாமுங்க."

"தெரியாம வெச்சதா? உங்க வூட்டுக்காரரு கரைச்சுக் குடிச்ச மாதிரி சொல்றாரே! எங்க அண்ணன் போன ஊடுங்க இது. மறுபடியும் அதே சகுனமா? எம்பட அண்ணன் மகனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" சின்னசாமி மாடத்திலிருந்து தட்டை எடுத்தார். மெடலை அதன் நடுவில் வைத்தார். இரண்டு கையாலும் நீட்டினார். "எடுத்துட்டுப் போங்க. தட்டு உங்களுது. இதோட முடிஞ்சுது."

இப்போது நடந்ததை ராசாத்தி ஜென்மத்துக்கும் மறக்கமாட்டாள். கோவிந்தராஜின் கண் தட்டில் இருந்தது. மெடலில் இருந்தது. நேற்றிலிருந்து பிரிந்திருந்த ராணி கைக்கெட்டும் தூரத்தில். அந்த மனுஷனின் வலது கை தானாக எழும்பியது!

"தொட்டீங்கன்னா..." என்றாள் ராசாத்தி. அழுகைதான் வந்தது. "ஏனுங்க, அங்க ஒருத்தி வாடின பூவை எடுக்காம உக்காந்திருக்கறா."

கை அந்தரத்தில் நின்றது. கோவிந்தராஜ் தன் கையையே யாரோ ஒருவரின் கைபோலப் பார்த்தார். பிறகு அதை மெதுவாகக் கீழே விட்டு, இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

"வேணாமுங்க. எனக்கு எம்புள்ளதான் வேணும்" என்றார். குரல் உடைந்திருந்தது.

"வேண்டாம்னா ரோட்டுல போடட்டுமா?"

"தம்பி, நில்லுங்க."

எல்லாரும் திரும்பினார்கள். கிருஷ்ணம்மாள் நிலைப்படியைத் தாண்டிக் கூடத்துக்கு வந்திருந்தாள். கையில் கரண்டி இருந்தது. அதை வைத்துவிட்டு வரக்கூடத் தோன்றவில்லை போலிருக்கிறது.

"நீங்க உள்ள இருங்க அண்ணி. நல்ல காரியம் பேசற எடம்."

"நல்ல காரியத்தை வேண்டாம்னு நீங்கதானே சொல்லிட்டு இருக்கறீங்க? அதுக்கு நான் இங்க நின்னா என்ன?" கிருஷ்ணம்மாள் அவரைத் தாண்டி கோவிந்தராஜைப் பார்த்தாள். "சம்மந்தி, இந்தம்மா வூட்டுக்காரரு போனப்புறம் எத்தனை வருஷம் இருந்தாங்க?"

கோவிந்தராஜ் மனைவியைப் பார்த்தார். பேசலாமா என்று கண்ணால் கேட்டார். தெரிந்து எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக அனுமதி கேட்கிறார்! ராசாத்தி தலையாட்டினாள்.

"நாப்பது வருஷமுங்க."

"நாப்பது வருஷமும் அடுப்படியிலயா இருந்தாங்க?"

"இல்லீங்க. நாட்டை ஆண்டாங்க. நம்ம மலை, சேலம், மெட்ராஸ் எல்லாமே அவங்க ஆட்சிதானுங்க."

"புள்ளைங்க, பேரப்புள்ளைங்க கல்யாணமெல்லாம் நடந்திருக்குமே. அதுக்கெல்லாம் எங்க நின்னாங்க?"

"முன்னாலதானுங்க. அவங்க சரின்னு சொன்னாத்தானுங்க கல்யாணமே."

கிருஷ்ணம்மாள் தட்டுக்கு அருகில் வந்து மெடலை எடுத்தாள். ஓரத்தில் பிடித்துத்தான் எடுத்தாள். முந்தானையால் மூக்கின் மேலிருந்த குங்குமத்தை ஒற்றினாள்.

"எம்புள்ளையப் பெத்தவ நான். அவனுக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப தோள்ல போட்டுட்டு சேலத்துக்கு நடந்தவ நான். இந்த ஒர்க் ஷாப்புக்கு எம்பட தோட்டைக் கழட்டிக் குடுத்தவ நான். அப்பல்லாம் எம்பட கை ஆகுமாம். வெத்தலைத் தட்டைத் தொட மட்டும் ஆகாதாம்." அவள் குரல் ஏறவில்லை. "இந்தம்மா மொகத்தை வெள்ளியில அடிச்சு ஊரூராக் குடுத்திருக்கறாங்க. வெள்ளைக்காரன் விவரமில்லாதவனா தம்பி?"

"அண்ணி, சம்பிரதாயம்னு ஒண்ணு இருக்குது."

"இருக்கட்டும். சகுனம் பாக்கறீங்கல்ல? நானும் பாக்கறேன். நேத்து நான் உள்ள நின்னுட்டேன். எனக்குப் பதிலா இவங்க தட்டுல ஏறி வந்திருக்கறாங்க. இத விட என்ன நல்ல சகுனம் வேணும்?"

வாசலில் நின்ற சேகர், கிரீஸ் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். "சித்தப்பா, அம்மா சொல்றதுதானுங்க எனக்கும். தட்டைக் கீழ வைங்க."

சின்னசாமிக்கு மீசை துடித்தது. தட்டை வைத்தார். வைத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டி, தூறலில் இறங்கிப் போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போகட்டும், ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துருவாரு" என்றாள் கிருஷ்ணம்மாள். ஆனால் வாசல் வரை போய், அவர் கண்மறையும் வரை பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

ராசாத்தி வெள்ளி ரூபாயைத் தட்டில் வைத்தாள். தட்டை எடுத்துக் கிருஷ்ணம்மாளின் கையிலேயே கொடுத்தாள். கொடுக்கும்போது இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு பேச்சு எதற்கு?

ஆனால் பேச்சு மிச்சம் இருந்தது.

"இது எங்கிட்ட இருக்கட்டுங்க சம்மந்தி" என்று கிருஷ்ணம்மாள் மெடலை உள்ளங்கையில் மூடினாள். "கல்யாணத்தன்னிக்கு மணவறை முன்னால நிக்கோணும் நான். எவளாச்சும் 'நீ பின்னால போ'ன்னா எடுத்துக் காட்டோணும்."

கோவிந்தராஜ் வாயைத் திறந்தார். ராசாத்தி அவர் காலை மிதித்தாள். பலமாகவே மிதித்தாள்.

"வெச்சுக்கங்க சம்மந்தி" என்றாள்.

அடுத்தவர் பொருளைத் தூக்கிக் கொடுத்துவிட்டோம் என்பது பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்றபிறகுதான் அவளுக்கு உறைத்தது. கோவிந்தராஜ் கத்துவார், பதிலுக்குத் தானும் கத்தலாம், இருபத்திரண்டு வருஷத்துக்கும் சேர்த்துக் கத்தலாம் என்று தயாராக இருந்தாள்.

"நீ குடுத்தது சரிதான் ராசாத்தி" என்றார் அவர்.

சண்டைக்குக்கூட உதவாத மனுஷன்! அவளுக்கு ஆத்திரமாகவும் வந்தது, அந்த நனைந்த தோளில் சாய்ந்துகொள்ளலாம் போலவும் வந்தது.

"டீச்சருக்கு என்ன பதில் சொல்றதுங்க?"

"நாளைக்குத்தானே வர்றாங்க? அதுக்குள்ள யோசிக்கலாம்."

மலையிலிருந்து இறங்கிய பஸ் ஒன்று எதிர்ப்பக்கம் வந்து நின்றது. பெட்டியும் குடையுமாக இறங்கியது செல்வமேரி டீச்சர்.

"நல்லவேளை, இங்கயே இருக்கீங்க!" என்று ரோட்டைக் கடந்து வந்தார் டீச்சர். "வீட்டுக்குப் போனேன், மெடலையும் எடுத்துட்டு அடிவாரம் போயிருக்கீங்கன்னு உங்க அக்கா சொன்னாங்க. நாளைக்கு டிக்கெட் கிடைக்கல கோவிந்தராஜ், இன்னிக்கு ராத்திரியே கிளம்பறேன். தாத்தா மெடலைக் குடுத்திடுங்க. பேரனுக்கு ஞானஸ்நானம். அவன் கையில முதல்ல அதைத்தான் வைக்கணும்."

கோவிந்தராஜ் மனைவியைப் பார்த்தார். ராசாத்தி திரும்பி ஒர்க் ஷாப் பக்கம் பார்த்தாள். அங்கே வீட்டு வாசலில், பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேருக்கு நடுவில், கிருஷ்ணம்மாள் எதையோ ஓரத்தில் பிடித்து உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை தூரத்திலிருந்தும் அவள் சிரிப்பது தெரிந்தது.

ராசாத்தி முந்தானையை இழுத்துச் செருகினாள். டீச்சர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"வாங்க டீச்சர். மெடல் அந்த ஊட்டுலதான் இருக்குது. நான் திருப்பிக் கேக்கமாட்டேன். நீங்க வந்து அந்தம்மா மொகத்தைப் பாருங்க, பாத்துட்டு உங்களால கேக்க முடிஞ்சா கேளுங்க."